தட்டக் கூடாத மண்

பெங்களூரில் நான் குடியிருக்கும் ஒக்கலிபுரத்தில் விடிகாலையில் பத்துப் பேர் மண்வெட்டி எடுத்து நிலத்தைக் கொத்துகிறார்கள். எதையும் விதைப்பதில்லை. மறுநாள் அதே நிலத்தை மறுபடியும் கொத்துகிறார்கள். அதுவும் ஒரு வீட்டுக்குள்ளே. வாணியம்பாடியிலிருந்து ஆலை வேலைக்கு வந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு, இந்த ஊர்க் குளிர் மூளைக்கு ஏறிவிடும் போலிருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் மாதம் நானும் மண்வெட்டியோடு அங்கே நின்றேன்.

அதற்குக் கரடிமனை என்று பெயர். கரடி வளர்க்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம், கன்னடத்தில் குஸ்தி பழகும் கூடத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். வாசல் இடுப்பு உயரம்தான். எப்பேர்ப்பட்ட பயில்வானும் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே அனுமார் படம், கர்லாக்கட்டைகள், நடுவில் செம்மண் குழி. அந்த மண்ணுக்கு நல்லெண்ணெய், மோர், மஞ்சள், எலுமிச்சம்பழச் சாறு என்று நடக்கும் உபசாரம் நம் ஊரில் புது மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது.

நம் ஊரில் பாலாற்று மணலில்தான் எங்கள் குஸ்தி. சொல்லித்தர வஸ்தாதும் இல்லை, அனுமாரும் இல்லை. விழ வேண்டியது, எழுந்து தொடையைத் தட்டி மணலை உதற வேண்டியது, வீட்டுக்குப் போக வேண்டியது. என் அத்தை மகன் சிகாமணி என்னை வீழ்த்தாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. நான் ரயிலேறிய அன்றுகூட, “கேவுருக் களிய நல்லாத் தின்னு, உருண்டையாத் திரும்பி வா மச்சான். உருட்டிவுட சுலபமா இருக்கும்” என்றான். வருகிற பொங்கலுக்கு அவன் முதுகில் மணல் ஒட்ட வேண்டும், அது ஒன்றுதான் என் லட்சியம்.

ஆனால் பால் வியாபாரம் செய்யும் எங்கள் வஸ்தாது கரியப்பா என்னைக் குழிக்குள் பழக விடவே இல்லை. கொத்து, தண்டால் எடு, உட்கார்ந்து எழுந்து பைட்டக் போடு, மறுபடி கொத்து. எப்போது பிடி கற்றுத் தருவீர்கள் என்று கேட்டால், “மண்ணு கூப்பிடும் மெட்ராஸு. சொல்ப பொறுத்துக்கோ” என்பார். அவருக்குத் தமிழன் எல்லாருமே மெட்ராஸ்தான். தசரா போயிற்று. மண் கூப்பிடவில்லை. பொங்கலுக்கு இரண்டே மாதம் இருந்தது.

ஒரு நாள் கொத்தி முடித்துக் குழியைவிட்டு ஏறினேன். பழக்க தோஷத்தில் இரண்டு தொடையையும் பட்டென்று தட்டினேன். எதிரே ரயில்வே போர்ட்டர் நஞ்சப்பா நின்றிருந்தார். மூன்று டிரங்குப் பெட்டிகளை ஒரே நடையில் சுமக்கிறவர். கூடமே நின்றுபோயிற்று.

“என்னியா கூப்பிட்டே?” என்றார் நஞ்சப்பா.

ஒருவரைப் பார்த்துத் தொடை தட்டினால் சண்டைக்கு அழைப்பதாக அர்த்தம் என்பது அப்போதுதான் உறைத்தது. “ஐயோ, இல்லண்ணா. மண்ணத் தட்டிவுட்டேன், அவ்வளவுதான்” என்றேன்.

தப்பித்தேன் என்று நினைத்தால், எல்லார் முகமும் இன்னும் கறுத்தது. வஸ்தாது எழுந்து வந்தார். “தட்டிவுட்டியா? கரடி மண்ணு உனக்குக் குப்பையா? தாயிப்பா அது. கையால வழிச்சு, திரும்பக் குழியில போடணும்.”

மணலோடு வீட்டுக்குள் போனால் அம்மா விளக்குமாற்றை எடுக்கும் ஊரிலிருந்து வந்தவன் நான் என்று இவர்களுக்கு எப்படி விளக்குவது? சண்டைக்கு அழைத்தவன் அடி வாங்குவான். தாயை உதறியவன் அந்தக் குட்டை வாசல் வழியாக ஒரேயடியாக வெளியே போவான். எனக்குச் சிகாமணியின் முகம் தெரிந்தது.

“இல்ல வஸ்தாதே. கூப்பிட்டதுதான்” என்றேன்.

சண்டைக்குச் சம்மதம் என்று வஸ்தாது ஒரு பிடி மண்ணை என் தலையில் போட்டார். ஒரு தும்மல் வந்து போகும் நேரத்தில் சண்டை முடிந்தது. கூரை ஓடுகளை நான் எண்ணிக்கொண்டிருந்தபோது நஞ்சப்பா கை கொடுத்துத் தூக்கினார். “தைரியா ஜாஸ்தி, புத்தி கம்மி. நாளைலேர்ந்து என்கூடப் பழகு.” தலையிலிருந்த மண்ணைக் கையால் வழித்துக் குழியில் போட்டேன்.

இரண்டு மாதம் அவரிடம் அடிபட்டுப் பிடிகள் கற்றேன். பொங்கலுக்கு ஊர் போய், பாலாற்றில் சிகாமணி எதிரே நின்றேன். செம்மண்ணைக் கவ்விப் பழகிய கால்விரல்கள் மணலில் புதைந்தன. ஒவ்வொரு பிடியும் பாதியில் நழுவியது. “பெங்களூர் பயில்வான் அவுட்டு” என்று யாரோ கத்தியபோது நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, ஒளித்து என்ன பயன்?

“பரவால்ல மச்சான், இந்தத் தடவ எனக்கே வேர்த்துடுச்சு. எழுந்து தட்டிக்க, அத்த திட்டுவாங்க” என்றான் சிகாமணி.

எழுந்தேன். ஓங்கிய கை தொடைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. தட்ட வரவில்லை. தொடையிலிருந்த மணலை உள்ளங்கையால் வழித்து, குனிந்து, விழுந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். ஆறு முழுக்க மணல் கிடக்க, ஒரு பிடி மணலைப் பத்திரமாக வைக்கிறவனைப் பார்த்துக் கரையிலிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிகாமணி மட்டும் சிரிக்கவில்லை. புது ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து, “நீ எந்த ஊரு மச்சான்?” என்றான்.

பெங்களூர் ரயில் மறுநாள் காலையில்தான். காலில் ஒட்டிய பாலாற்று மணலைத் தட்டாமலே அதில் ஏறினேன்.