மாமா கழற்றிக்கொண்டு போன பிக்கப்

என் தாய்மாமாவுக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. விசேஷங்களில் பார்த்தால் எழுந்து நிற்கிறேன், சாப்பிட்டீங்களா மாமா என்று கேட்கிறேன். அவர் மேல் எனக்கிருக்கும் கோபம் மட்டும் நரைக்கவில்லை. ஒரு பிக்கப்புக்காகவா இத்தனை வருஷம் என்று என் கணவர் கேட்டார். அவர் நினைத்தது சரக்கு ஏற்றும் வண்டியை.

நான் சொல்வது எலெக்ட்ரிக் கிடாரின் பிக்கப். கிடார்க் கம்பிகளுக்கு அடியில் பதித்திருப்பார்கள். உள்ளே காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி. மேலே கம்பி அதிர்ந்தால் அந்த அதிர்வை வாங்கி ஆம்புக்கு, அதாவது சத்தத்தைப் பெருக்கும் பெட்டிக்கு, அனுப்புவது அதுதான். கிடாரின் குரல் மரத்தில் இருப்பதைவிட அதில்தான் அதிகம் இருக்கிறது.

கிடார் முதலில் அண்ணனுடையது. பிளஸ் டூ பாஸானதற்கு அப்பா வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் அவனுக்கு ஜிம் பிடித்துவிட்டது. பீரோவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்ததை நான் எடுத்தபோது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். வீடியோ பார்த்துப் பார்த்து வாசிக்கக் கற்றேன். எனக்குப் பிடித்தது பழைய ராக். ஒரே ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடித்தால் அது தொண்டை கட்டின மாதிரி கனத்து, அழுது, மெதுவாக அடங்குமே, அந்தச் சத்தம்.

என் கிடாரில் அது வரவில்லை. எங்கள் வீடு திருப்பூரில் அப்பாவின் காலர் பின்னும் யூனிட்டுக்கு மேல்மாடி. அந்தக் கிடாரில் இருந்தது ஒற்றைச் சுருள் பிக்கப். அது கம்பியின் அதிர்வோடு கீழே ஓடும் மோட்டார்களின் இரைச்சலையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் வாசிக்காமல் சும்மா இருந்தாலும் ஆம்ப் ம்ம்ம் என்று ஓயாமல் முனகும். கரண்ட் போனால் மிஷின் நிற்கும், ஆம்பும் நின்றுவிடும்.

இதற்கு மருந்து ஹம்பக்கர். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள், ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும். சத்தமும் தடிமனாக வரும். எது வேண்டும் என்று பல மாதம் வீடியோக்களில் சத்தத்தைக் கேட்டு முடிவு செய்திருந்தேன். செராமிக் காந்தம் போட்டது வேண்டாம், அது கத்தும். ஆல்நிகோ காந்தம், சுற்று குறைவாக, அடக்கமாகப் பேசுவது வேண்டும்.

அப்பாவோடு கோயமுத்தூர்க் கடைக்குப் போனேன். கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது அப்பாவிடம். "பாப்பா ஊட்டுல வாசிக்கறதுக்கு இருக்கறதே போதுங்க. எதுக்குங்க அதையெல்லாம் நோண்டிக்கிட்டு." எனக்குக் காது சுட்டது. கண்ணாடிப் பெட்டியில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, ரிப்பேர் மேசைக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டியைக் கிளறினேன். யாரோ கழற்றிப் போட்ட ஒரு கறுப்பு ஹம்பக்கர் கிடைத்தது, நான் தேடிய அதே வகை. "அது வீச்சுவீச்சுன்னு கத்துமுங்க" என்று இனாமாகவே கொடுத்துவிட்டார்.

அது கத்துவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். உள்ளே சுருள் தளர்ந்திருந்தால் அதுவும் சேர்ந்து அதிரும். மெழுகை உருக்கி, பிக்கப்பை அதில் முக்கி, இடைவெளியெல்லாம் மெழுகு இறங்கும்படி செய்ய வேண்டும். எங்கள் யூனிட்டில் மெழுகுக்கா பஞ்சம்? நூலைக் கோனில் திரும்பச் சுற்றும்போது வழவழப்பாக ஓடுவதற்காக மெழுகு வில்லை ஒன்றை உரசிக்கொண்டுதான் போகும். தேய்ந்த வில்லைகளைப் பொறுக்கி டிபன் டப்பாவில் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் அந்த டப்பாவை வைத்து உருக்கினேன். சூடு மிஞ்சினால் சுருள் சுற்றிய பிளாஸ்டிக் வளைந்துவிடும், அதனால் அடுப்பைவிட்டு நகரவில்லை. மெழுகில் அமிழ்ந்த பிக்கப்பிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது. கடைசிக் குமிழி நின்றதும் எடுத்தேன். வில்லையில் ஒட்டியிருந்த நேவி புளூ நூல் துணுக்கு ஒன்று மெழுகோடு அதன் முதுகில் உறைந்துவிட்டது. இருக்கட்டும் என்று விட்டேன். ஹம்பக்கர் அகலம் என்பதால் கிடாரின் முன்பக்கப் பிளாஸ்டிக் தகட்டை ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, பிக்கப்பைப் பொருத்தி, ஒயரை ஈயத்தால் பற்றவைத்தேன். பிறகு அதைக் கம்பிக்கு அருகே ஏற்றியும் இறக்கியும், ஒரு திருகு திருகி ஒரு முறை வாசித்து, மறுபடி திருகி, நான் நினைத்திருந்த சத்தத்தை வரவழைத்தேன். கீழே மிஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆம்ப் வாயே திறக்கவில்லை. நான் வாசித்தால் மட்டும் பேசியது.

அம்மாவின் தம்பியான மாமா அந்த வாரம் வந்திருந்தார். கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கும் இசைக்குழு ஒன்று வைத்திருந்தார். என் கிடாரை வாங்கி ஸ்வரங்களைச் சேர்த்து நாலு கார்டு அடித்தவர் நிறுத்திவிட்டார். "இது என்ன பிக்கப்பு கண்ணு?" என்றார். பெருமையில் காந்தத்திலிருந்து மெழுகு வரை ஒன்று விடாமல் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து கிடாரை மாட்டி முதல் கார்டை அடித்தேன். வீச்சென்று கத்தியது. பார்த்தால் அதே கறுப்பு ஹம்பக்கர்தான். ஆனால் குரல் வேறு. கம்பிகளைத் தளர்த்தி, தகட்டைக் கழற்றி, திருப்பிப் பார்த்தேன். முதுகு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மெழுகு இல்லை, நூல் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது மாமா வந்து, மலிவான செராமிக் ஒன்றைப் போட்டுவிட்டு என்னுடையதைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். எனக்கு வித்தியாசம் தெரியாது என்று நினைத்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கொதிக்கிறது. திருடியதைவிட அதுதான்.

அம்மாவிடம் ஓடினேன். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் கழற்றும்போது காப்பி போட்டுக் கொடுத்ததே அம்மாதான்.

"அவன் புரோகிராமுக்குன்னு எடுத்துட்டுப் போனான் கண்ணு. நாலு பேரு முன்னால வாசிக்கறவன். நீ ஊட்டுக்குள்ளதானே வாசிக்கறே."

இரண்டு நாள் நான் கிடாரைத் தொடவில்லை. அதை ஒருவரும் கவனிக்காதது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லடம் ரோட்டு மண்டபம் ஒன்றில் சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷன். மாமாவின் குழு வாசித்தது. பட்டுப்பாவாடையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கிடார் தனியாக எழுந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் சத்தம். நான் திருகித் திருகி வரவழைத்த சத்தம், அவர் விரலில். பக்கத்தில் ஒரு பெரியவர், "கிடாரு பேசுதுங்க" என்றார். பாட்டு முடிந்ததும் மாமா மைக்கை எடுத்து, "இந்த சவுண்டுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தானுங்க தெரியும்" என்றார். மண்டபம் கை தட்டியது.

எழுந்து மேடைக்குப் போனேன்.

"மாமா, என்ற பிக்கப்பக் குடுங்க."

அவர் மைக்கிலேயே சிரித்தார். "நம்ம அக்கா பொண்ணுங்க. என்ன பாட்டு வேணும் கண்ணு?" எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து ஆம்பின் சுவிட்சை நிறுத்தினேன்.

"அதைக் கழட்டிப் பாருங்க. முதுகுல மெழுகு இருக்கும். மெழுகுல நேவி புளூ நூலு ஒட்டியிருக்கும். எங்கூட்டு நூலு."

அவர் கையிலிருந்த மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிரிப்பு நின்றது. மாமாவின் முகத்தில் சிரிப்பு மட்டும் எடுக்க மறந்த மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா வந்து என் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனாள்.

காரில் அப்பா கத்தவில்லை. "கல்யாண ஊட்டுல மானத்தை வாங்கிப்போட்டே" என்றார்.

"எடுத்தது அவருங்கப்பா."

"அவன் தாய்மாமன். போன வருஷம் உனக்கு சீர் தூக்கிட்டு வந்தவன். உம்மேலயே உரிமை இருக்கறவனுக்கு உன்ற பொருள் மேல இருக்காதா?"

ஜன்னல் கண்ணாடியைக் குத்தினேன். விரல் வீங்கியது.

ஒரு வாரம் கழித்து மாமாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை கையில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ, ஒரு பட்டு ரவிக்கைத் துணி. நடுவில் நகைக்கடைச் சிவப்பு டப்பா. அதைத் திறந்தால் உள்ளே என் பிக்கப். மெழுகையெல்லாம் சுரண்டிச் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். நூல் துணுக்கு போயிருந்தது.

"மாமன் குடுக்கறது. வெச்சுக்க கண்ணு" என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. அண்ணன் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்க நின்றான். என் பொருளை எனக்கே சீராகக் கொண்டுவந்திருக்கிறார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தாம்பாளத்தைத் தட்டிவிடத்தான் நினைத்தேன். அண்ணன் எடுத்த அந்தப் படம் அம்மாவிடம் இன்னும் இருக்கிறது. அதில் நான் பல்லைக் கடித்திருப்பது தெரியும்.

அப்போது அம்மா என் பின்னால் வந்து நின்றாள். பூ வைப்பதுபோலத் தலையைத் தொட்டு, யாருக்கும் கேட்காமல் காதோடு சொன்னாள். "ரெண்டு கையிலயும் வாங்கிக்க சாமி. சீராக் குடுத்ததத் திருப்பிக் கேக்க முடியாது, அப்பத்தான் அது உங்கிட்டயே நிக்கும்."

வாங்கிக்கொண்டேன். அம்மாவும் தம்பி பக்கம்தான் என்று எண்ணி, அன்று அவள் போட்ட சோற்றைத் தொடவில்லை. அவள் அப்படி எதையெல்லாம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எதையெல்லாம் வாங்க மறுத்து இழந்திருக்கிறாள் என்று கேட்க வேண்டுமென்றுகூட அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.