நாலு விரற்கடை மணல்

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகிற சாலையில் மணல், செங்கல், ஜல்லி வியாபாரம் செய்கிற கஜபதியைத் தெரியாதவர்கள், வீடே கட்டாதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பதினாலு வயதில் அடுத்தவன் கட்டட வேலையில் மணல் பாண்டு சுமந்தார். இருபத்தைந்தில் சொந்தமாக ஒரு மாட்டு வண்டி. இன்றைக்கு மூன்று லாரி, சாலையோரம் கொட்டகை, மாடி வீடு. ஒரு பிடி மணலை உள்ளங்கையில் இறுக்கித் திறந்தாரென்றால் போதும், அதில் வண்டல் எவ்வளவு, அதை வைத்துப் பூசினால் சுவர் உப்புப் பூக்குமா பூக்காதா என்று சொல்லிவிடுவார். படித்துவிட்டு வந்த இஞ்சினியர்கள் அதே மணலைக் குடுவையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அரை மணி நேரம் காத்திருந்து, கடைசியில் அவர் சொன்னதையே சொல்வார்கள். அவருடைய லாரியில் மணல் எப்போதும் பலகைக்கு மேலே குவிந்துதான் நிற்கும். தலை தட்டி அளந்து கொடுப்பது அற்பத்தனம் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்ட மனிதர், தம் அறுபத்து மூன்றாம் வயதில், பின்கட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு பூனைக்கு மணல் போட வேண்டி வந்தது.

மருமகள் கயல்விழி கல்யாணமாகி வந்தபோது சீர்ச் சாமான்களோடு அந்தப் பூனையும் வந்தது. தேன் நிறத்தில் கடுவன் பூனை. பெயர் பங்காரு. கயல்விழியின் அம்மா, கல்யாணத்துக்கு முந்தின வருஷம்தான் தவறிப்போனார். அந்த அம்மா குட்டியிலிருந்து மடியில் போட்டு வளர்த்த பூனை அது. பெண்ணுக்கு அப்பாவும் இல்லை. ஆக, பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியது நாலு கால், ஒரு வால். கஜபதிக்கு இது தெரியும். தெரியாதது போலத்தான் இருப்பார்.

கயல்விழிக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அந்தத் திங்கட்கிழமை பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டரம்மா, பூனையின் கழிவை வயிற்றுப் பிள்ளைக்காரி தொடவே கூடாது, அதில் பிள்ளைக்கு ஆகாத கிருமி இருக்கலாம், வேறு யாராவது தினமும் அள்ளிப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. மகன் சந்திரமோகன் அரக்கோணத்தில் ரயில்வே வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்புகிறவன்.

"எனுக்கு டூட்டி கீது நைனா" என்று அவன் நழுவினான்.

கஜபதியின் மனைவி தமயந்தி கிருத்திகைக்குக் கிருத்திகை விரதமிருந்து மலையேறுகிறவள்.

"பூனை பீயை அள்ளிட்டு அந்தக் கையால சாமிக்கு மாலை கட்ட எங்கொப்பன் என்ன பெத்துப் போடல. வயித்துல புள்ள கீற வீட்ல பூனை எதுக்கு? மணவூர்ல எந்தம்பி ரைஸ் மில்லுல எலி ஓடுது. அங்க அனுப்பிடலாம்."

கயல்விழி தலை குனிந்து பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தடவின கை நின்றுபோனதை கஜபதி பார்த்தார்.

"யாரும் அள்ள வாணாம். நான் பாத்துக்கறேன்" என்றார்.

"யாரு, நீங்களா?" தமயந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குடிச்ச டம்ளரை எடுத்து வெச்சிருப்பீங்களா ஒரு நாளு?"

"ஏய், இது மணல் சமாச்சாரம். மணல்ல எனுக்குத் தெரியாதது இன்னா கீது?"

மறுநாளே வேலையை ஆரம்பித்தார். பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பூனையின் தட்டு இருந்தது. அதில் சந்திரமோகன் கடையில் வாங்கி வந்த வெள்ளைப் பொடி மண் கொஞ்சம் கிடந்தது. மணலை உறையில் போட்டு விற்கிறவனையும் அதை வாங்குகிறவனையும் நினைத்து கஜபதிக்கு வயிறு எரிந்தது. அத்தனையையும் வாரி வாழைக்கன்றுக்குப் பின்னால் வீசினார். தம் வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த அசல் ஆற்று மணலைக் கொண்டுவந்தார். சலித்தார். அலசினார். வெயிலில் காயப்போட்டார். தட்டு கொள்ளக் கொள்ளக் கொட்டி, லாரிக்கு ஏற்றுவது போலக் கோபுரமாகக் குவித்து நிறுத்தினார்.

"பாத்துக்கோம்மா. மந்திரி வீட்டுப் பூனைக்குக்கூட இந்த மணல் கெடைக்காது."

கயல்விழி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "சரிங்க மாமா" என்றாள்.

பங்காரு அந்தக் குவியலின் மேல் ஏறியது. கால் முழங்கால் வரை புதைந்தது. உதறிக்கொண்டு இறங்கியது. மறுபடி ஏறித் தோண்டிப் பார்த்தது. தோண்டத் தோண்ட மணல் சரிந்து பள்ளம் மூடிக்கொண்டது. கூடம் வரைக்கும் மணல் பறந்ததுதான் மிச்சம். புதன்கிழமை காலை, மறுநாள் மலைக்கு உடுத்துவதற்காகத் தமயந்தி துவைத்து மடித்து வைத்திருந்த மஞ்சள் புடவையின் மேல் போய் உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டது.

அவள் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. கையோடு தம்பிக்குப் போன் போட்டாள்.

"வீராசாமி, ஞாயித்துக்கெழமை கூடை எடுத்துகினு வா. பூனையத் தூக்கிகினு போயிடு."

கயல்விழி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பகல் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

கஜபதிக்கு அது உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பூனையைத் திருத்திக் காட்டாவிட்டால் அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது? சுத்தம் போதவில்லை, அதனால்தான் பூனை புடவைக்குப் போயிருக்கிறது என்று முடிவு கட்டினார். வியாழக்கிழமை காலையில் பழைய மணல் முழுவதையும் வாழைக்கன்றுக்குப் பின்னால் கொட்டினார். தட்டில் பினாயில் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி புது மணலைக் குவித்தார். நாற்றம் வரக் கூடாதென்று இரண்டு கற்பூரத்தையும் நசுக்கித் தூவினார். சாயங்காலமும் அதே வேலை. வெள்ளிக்கிழமை காலையும் அதே வேலை.

பலன் கைமேல் கிடைத்தது. தட்டு துடைத்து வைத்தது போல இருந்தது. புடவை, பாய், மூலை முடுக்கு எதிலும் ஒரு சொட்டுக் கிடையாது.

"பாத்தியா தமா? ரெண்டே நாள்ல வழிக்குக் கொண்டாந்துட்டேன்" என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

தமயந்தி சந்தேகமாகப் பார்த்தாள். "எங்கதான் போவுது அது?"

பதில் கயல்விழியிடமிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு, கொட்டகைக்கே நடந்து வந்துவிட்டாள்.

"மாமா, இது நேத்து காலைலேந்து ஒண்ணுக்கே போல. வயிறு கல்லு மாதிரி கீது. தொட்டாக் கத்துது." பூனையை அவர் பக்கம் நீட்டினாள். "கடுவன் பூனை ரெண்டு நாளு அடக்கினா செத்துப்பூடும்னு எங்கம்மா சொல்லும்."

கஜபதி வாடிக்கைக்காரரைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு எழுந்தார். லாரி சாவியை எடுத்தார், வைத்தார், ஆட்டோவைக் கூப்பிட்டார். அரக்கோணம் வரைக்கும் பூனை அவர் மடியில் இருந்தது. வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம், "பள்ளம் பாத்து வுடுப்பா, பள்ளம் பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மாட்டு டாக்டர் மோகனப்ரியாவுக்குச் சின்ன வயது. பூனையின் அடிவயிற்றை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"அடைப்பு இல்லை. அடக்கிகிட்டு இருக்கு. இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தா கஷ்டம். ஐயா, கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்று மெல்ல அமுக்கினார். இரண்டு நாள் பாக்கி முழுவதும் கஜபதியின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அவர் அசையவில்லை.

"தட்டுல மண்ணு எவ்வளவு போடுறீங்க?"

"கொறயே வெக்கலம்மா. தட்டே தெரியாத மாதிரி குவிச்சு வெச்சிருக்கேன். அசல் ஆத்து மணலு."

"எப்ப மாத்துறீங்க?"

"காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. மொத்தத்தையும் கொட்டிட்டு பினாயில் ஊத்தித் தேச்சு, கற்பூரம் தூவி..."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "ஐயா, பூனைக்குக் கக்கூஸ் வைக்கச் சொன்னா நீங்க கோயில் கட்டியிருக்கீங்க."

கயல்விழி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். கஜபதி வேறு நாளாக இருந்தால் எழுந்து போயிருப்பார். அன்றைக்கு உட்கார்ந்திருந்தார்.

"நாலு விரற்கடை ஆழம் போதும்ங்க. அதுக்கு மேல போட்டா கால் புதையும், பயந்துக்கும். ரெண்டு விரற்கடைக்குக் கீழ போனா ஈரம் அடித்தட்டுல ஒட்டிக்கும். ஆத்து மணல் வேணாம், கட்டி பிடிக்காது. கடையில விக்கிறது ஈரம் பட்டா உருண்டையாயிடும். அந்த உருண்டையை மட்டும் தினம் ரெண்டு வேளை அள்ளுங்க. கொறஞ்ச அளவுக்குப் புதுசு போடுங்க. மொத்தமா மாத்துறது மூணு வாரத்துக்கு ஒரு தடவை. சோப்புத் தண்ணியில கழுவினாப் போதும். பினாயில் பூனைக்கு விஷம். கற்பூரமும் அப்படித்தான். மிதிச்சிட்டுக் காலை நக்குமில்ல?"

"மூணு வாரமா? நாறாதா?"

"தினம் அள்ளினா நாறாது. மாத்தும்போதுகூடப் பழைய மண்ணுல ஒரு கைப்பிடி எடுத்து வச்சுப் புதுசுல கலக்கணும். அதோட வாசனை இருந்தாத்தான் தன் இடம்னு அதுக்குத் தெரியும். நீங்க ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அதோட வீட்டை இடிச்சுப் புது வீடு கட்டியிருக்கீங்க. அது எங்க போகும்?"

திரும்பி வரும்போது கடை மண் இரண்டு உறை வாங்கினார்கள். பழைய மண்ணுக்கு எங்கே போவது என்று கயல்விழி கவலைப்பட்டாள். கஜபதிக்கு வாழைக்கன்று ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் நனைந்த சட்டையோடு நேராகப் பின்பக்கம் போனார். செவ்வாய்க்கிழமை வீசின வெள்ளை மண்ணின் மேல், பினாயில் பட்ட ஆற்று மணல் இரண்டு நாளாக விழுந்து மூடியிருந்தது. குத்த வைத்து உட்கார்ந்து மேல் மணலை விலக்கினார். வெள்ளையும் சிவப்பும் கலந்து கிடந்ததைக் கையால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். கடைசியில், பினாயில் படாத ஒரு கைப்பிடி கிடைத்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். இத்தனை வருஷத் தொழிலில் எந்த மணலையும் அவர் முகர்ந்து பார்த்ததில்லை.

"இதான்" என்றார்.

தட்டில் வெள்ளை மண்ணைக் கொட்டி, விரல்களைச் சேர்த்துக் கையைப் பக்கவாட்டில் நிறுத்தி ஆழம் பார்த்தார். நாலு விரற்கடை. குவிக்கத் துடித்த கையை அடக்கிக்கொண்டு தலை தட்டினார். மேலே அந்தக் கைப்பிடியைத் தூவினார்.

சனிக்கிழமை விடிந்தபோது, மலைமேலிருந்து ஒலிபெருக்கியில் பாட்டு வந்துகொண்டிருந்தது. கஜபதி பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். கயல்விழி தட்டிலிருந்து எட்டத் தள்ளி, சமையலறை வாசலில் முக்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பூனை இன்னும் வெளியே வரவில்லை.

"ஏம்மா, நான் பண்ணதெல்லாம் தப்புன்னு உனுக்கு மொதல்லயே தெரியுமா?"

அவள் தயங்கினாள். "தெரியுங்க மாமா."

"சொல்ல வேண்டியதுதான?"

"மணல் விஷயத்துல உங்களுக்கு யாரு சொல்றது?" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க முட்டி வலிக்க உக்காந்து எங்கம்மா பூனைக்குச் செய்யிறீங்க. அதுல போயிக் குத்தம் சொல்ல எனுக்கு வாய் வரல."

கஜபதி தட்டைப் பார்த்துக்கொண்டே, "என் தப்புதாம்மா" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "இனிமே சொல்லு. கத்தினாக் கத்திட்டுப் போறேன், நீ சொல்லு."

அவள் பதில் சொல்வதற்குள் பங்காரு வந்தது. தட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. மோந்து பார்த்தது. ஒரு காலை வைத்தது, எடுத்தது. கஜபதி மூச்சே விடவில்லை. பிறகு நாலு காலும் உள்ளே போயின. சரக் சரக்கென்று பள்ளம் பறித்தது. முகத்தைக் கூரைப் பக்கம் தூக்கி வைத்துக்கொண்டு, யாரையும் சட்டை செய்யாமல், வெகுநேரம் உட்கார்ந்திருந்தது.

"தமா! ஏய் தமா! வந்து பாருடி!"

மாவுக் கையோடு ஓடி வந்த தமயந்தி, "இதுக்கா இந்தக் கத்து கத்துனீங்க? வூட்ல நெருப்புப் புடிச்சிகிச்சோன்னு பயந்தேன்" என்றாள். ஆனால் உடனே போய்விடவில்லை. பூனை மூடுகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீராசாமி பிரம்புக் கூடையோடு வந்து இறங்கினான். "எங்க பாவா, பூனை?" என்று அக்கா புருஷனைக் கேட்டான். கயல்விழி அறையிலிருந்து வெளியே வரவில்லை. 'என் வீட்டில் பூனை இருக்கும், போடா' என்று சொல்லத்தான் கஜபதிக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. சமையலறைக்குப் போனார்.

"தமா, பூனை இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

தமயந்தி கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் லாரி வாங்கியபோதும் வீடு கட்டியபோதும் கேட்காத மனிதர்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதே?"

"கயல் கிட்டவே போக வாணாம். ரெண்டு வேளையும் நான்தான் அள்ளுவேன். சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் உள்ள வருவேன்."

அவள் அடுப்பைத் தணித்தாள். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வீராசாமி, காப்பி போடறேன், குடிச்சிட்டுப் போ. உங்க பாவாவ என்னால ஒரு வேலை வாங்க முடிஞ்சதில்ல. இந்தப் பூனை வாங்குது. அது இங்கியே இருக்கட்டும்."

"அப்ப எலிக்கு நான் இன்னாக்கா பண்றது?"

"பொறி வெய்யி."

அறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது.

மூன்று வாரம் கழித்து, மொத்த மண்ணையும் மாற்றுகிற முதல் நாள். கஜபதி ஒரு கைப்பிடி பழசை எடுத்துக் கொட்டாங்கச்சியில் பத்திரப்படுத்திவிட்டு, தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் விழுந்தது. தமயந்தி புடவையை எடுத்துச் செருகிக்கொண்டு, ஒரு முழம் தள்ளி நின்று செம்பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த மூலைல இன்னும் ஒட்டிகினு கீது பாருங்க" என்றாள்.