சாயம் போகாத மாம்பழம்

பழம் விற்கிறவன் பழத்தைச் சந்தேகப்படுவான், வாங்குகிறவர் அவனைச் சந்தேகப்படுவார். இந்த இரண்டு சந்தேகத்துக்கும் நடுவில் ஆரணியில் கடை போட்டுப் பிழைக்கிறவன் நான். மீனோ, பூவோ, கத்தரிக்காயோ, எதை விற்றாலும் நீங்களும் என் கட்சிதான். கேளுங்கள்.

உள்ளே யாரு?

பழ ஈ இருக்கிறதே, அது காய் மரத்தில் தொங்கும்போதே தோலில் ஊசி போல் குத்தி உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வெளியே பழம் புது மாப்பிள்ளை மாதிரி மினுமினுக்கும். உள்ளே புழு குடித்தனம் நடத்தும். போன சீசனில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டு விருந்தில் என் மாம்பழத்தை நறுக்கியபோது, பாதிரியார் தட்டிலேயே ஒன்று நெளிந்தது. மறுநாள் டீச்சர் கடை வாசலில் நின்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்: "உங்ககிட்ட பழம் வாங்கினா கறி இலவசம் போல இருக்குதே!"

கெட்டிச் சாயம்

 அந்த ஒரு வார்த்தையில் வாடிக்கை பாதியாகிவிட்டது. இன்னொரு புழு தலை நீட்டினால் கடைக்குப் பூட்டுத்தான். விசாரித்ததில் ஒரு வழி கிடைத்தது. அளவான சூட்டில் வெந்நீர் வைத்து, காயைச் சொன்ன நேரத்துக்கு முக்கி எடுத்தால் முட்டையும் குஞ்சுப் புழுவும் செத்துப்போகும். சூடு கூடினால் காய் வெந்துவிடும், குறைந்தால் புழுவுக்கு எண்ணெய் இல்லாத தீபாவளிக் குளியல்.

தொட்டிக்கு எங்கே போவது? ஆரணியில் தொட்டி என்றால் பட்டு நூலுக்குச் சாயம் போடும் தொட்டிதான். அதைச் செய்கிறவரிடமே புதிதாக ஒன்று செய்து வாங்கிக் கடைக்குப் பின்னால் வைத்தேன். அங்கேதான் தப்பு பண்ணினேன். ஆவி பறக்கிற சாயத் தொட்டிக்குள் பச்சையாக இறங்குகிற காய், பிறகு கடையில் மஞ்சளாக உட்கார்ந்திருந்தால் நெசவுத் தெரு என்ன நினைக்கும்?

பட்டு வியாபாரி குமரேசன் வந்தார். மகள் கல்யாணத் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் மாம்பழம் போடுவதாக இருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் கெட்ட பெயர் போய்விடும். மனிதர் பழத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, புடவையில் சாயம் விடுகிறதா என்று பார்ப்பதைப் போல அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்: "துளிகூட விடலியே! இவ்ளோ கெட்டிச் சாயம் எங்க வாங்கினீங்க? எனக்கும் சொல்லுங்களேன்."

பொறியில் ஆண்

காய் வாங்குகிற தோப்பில் ஈப்பொறி கட்டச் சொல்லி, கடையிலும் ஒன்றைத் தொங்கவிட்டேன். அதன் வாசனைக்கு மயங்கி ஆண் ஈக்கள் மட்டும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். ஜோடி இல்லாமல் பெண் ஈயின் முட்டையும் குறையும். இதைப் பக்கத்துப் பூக்கடை மல்லிகாவுக்குப் பெருமையாக விளக்கினேன். என்னையும் பொறியையும் மாறி மாறிப் பார்த்தாள். "குத்தறது பொம்பள, முட்டை வெக்கிறது பொம்பள, மாட்டிகினு சாவறது ஆம்பளயா? இன்னாண்ணே, உங்க ஊட்டுக் கத மாதிரியே இருக்குது!"

மறுபடியும் டீச்சர்

பயந்துகொண்டே ஸ்டெல்லா டீச்சருக்குப் பழம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் கடைக்கு வந்த டீச்சர் முகத்தைப் பார்த்ததும் புழு என்றே முடிவு கட்டிவிட்டேன். "அத்தனையும் நறுக்கிப் பாத்துட்டேன். போன வருஷம் புழு இருந்திச்சு, சரி, மருந்து அடிக்கலன்னு நம்பினேன். இந்த வருஷம் ஒண்ணுகூட இல்ல. கர்த்தர் மேல சத்தியமா சொல்லுங்க, இன்னாத்த அடிச்சீங்க?"

தாம்பூலப் பை

குமரேசன் கடைசியில் தொட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வெந்நீரைச் சொம்பில் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெறும் தண்ணீர். அரை மனதாக ஆர்டர் கொடுத்தார்.  கல்யாணத்தன்று போன் அடித்தபோதெல்லாம் புழுவே கூப்பிடுகிறது என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

எல்லாம் முடிந்து அவரே கடைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. "கண்ணமங்கலத்து சம்பந்தி வரிக்கும் எல்லாரையும் கேட்டுட்டேன், ஒருத்தர் பழத்துலகூட புழு இல்லியாம். சம்பந்தியே குறை சொல்லலன்னா, அதான் எனக்குப் பேஜாரா இருக்குது! சின்னவ கல்யாணத்துக்கும் நீங்கதான் பழம் தரீங்க. ஆனா தொட்டிகிட்ட நான்தான் உக்காந்துகினு இருப்பேன்."

புழுவைக் கொல்லுகிற சூடு எனக்குக் கைவந்துவிட்டது, சந்தேகத்தைக் கொல்லுகிற சூட்டுக்குத்தான் ஆரணியில் இன்னும் யாரும் தொட்டி செய்யவில்லை.