மீதிக்காகத் தொண்டி வரை

இராமநாதபுரத்தில் எங்கள் கல்லூரியில் மனவளர்ச்சி குன்றிய மாணவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு. அவர்களுக்குப் பணத்தைக் கையாளக் கற்றுத்தருவது என் வேலை. மேசையில் சோப்பும் பேனாவும் அடுக்கிக் கடை வைத்து விளையாடுவோம். "மீதி கைக்கு வராம நகரக் கூடாது" என்பதுதான் முதல் பாடம்.

தேவிபட்டினத்து மும்தாஜ் அன்றுதான் முதன்முதலாகத் தனியாக வீடு திரும்பினாள். ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுத்து நானே பஸ் ஏற்றிவிட்டேன்.

பொழுது சாயும்போது அவள் உம்மா போன் செய்தார். "டீச்சர், பிள்ளை இன்னும் வரலையே!"

அடுத்த பஸ்ஸில் தேவிபட்டினத்துக்கு ஓடினேன். உம்மாவும் நானும் ஸ்டாப்பில் நின்று வருகிற பஸ்ஸையெல்லாம் எட்டிப் பார்த்தோம். கடைசியில் தொண்டி வரை போய்த் திரும்பிய பஸ்ஸின் முன்சீட்டில் அவள்!

"கூட்டத்துல மீதியை டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிக் குடுத்துட்டு மறந்துட்டேங்க. தொண்டியில எல்லாரும் இறங்கியும் இந்தப் பிள்ளை அசையல" என்றார் கண்டக்டர்.

மும்தாஜ் கைக்குள் இறுக்கியிருந்த சில்லறையைக் காட்டினாள். "மீதி வாங்கிட்டேன் டீச்சர்!"

உம்மா அழுதுகொண்டே சிரித்தார். தப்பு என் பாடத்தில்தான். என் கடையில் மீதி உடனே கிடைத்துவிடும், பஸ்ஸில் அப்படியா?

இப்போது வகுப்பில் பெஞ்சுகளைப் பஸ்ஸாகப் போட்டு நானே கண்டக்டராகிறேன். மீதியை எழுதிக் கொடுத்துவிட்டு, மறந்ததுபோல் நடக்கிறேன். தேவிபட்டினம் வருவதற்கு முன்பே மும்தாஜ் எழுந்துவிடுகிறாள்.

"சில்லறையைக் குடுத்துட்டு விசிலடிங்க கண்டக்டர்! உம்மா தேடும்."