மிளகாய்ச் செடிக்கு அம்மை போட்ட கதை

வைரஸுக்குத் தமிழ்ச் சொல் கண்டுபிடித்தவன் நான். இவ்வளவு காலம் இதை வெளியே சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அடக்கம் அல்ல, வெட்கம். மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, அடுத்த வருஷமோ அதற்கும் அடுத்ததோ, காஜா பெராங்கில் என் அக்கா வீட்டுப் பின்புறத்தில், ஒரு மிளகாய் இலையைக் கையில் பிடித்தபடி அந்தச் சாதனையை நிகழ்த்தினேன். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத இலை. ஓரம் சுருண்டு, பச்சைக்கு நடுவே மஞ்சள் திட்டுத்திட்டாக, வெயிலில் பிடித்தால் யாரோ அவசரமாகச் சாயம் பூசிப் பாதியில் விட்டுப் போனது போல இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அடுத்த வீட்டம்மா கேட்டார். “ஏன் தம்பி, ஊரெல்லாம் நல்ல செடியா வளர்க்குது. ஒங்க அத்தான் மட்டும் சீக்குச் செடியா பாத்துப் பாத்து வளர்க்கிறாரே, அது என்னா சீக்கு?” அப்போது என்னுடைய நகைச்சுவைக் கட்டுரைகள் இரண்டு பத்திரிகையில் வந்திருந்தன. தமிழ் இனி என்னை நம்பித்தான் இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு. வைரஸ் என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். “அம்மை, அக்கா. செடிக்கு அம்மை போட்டிருக்கு” என்றேன். பெரியம்மையும் வைரஸ்தானே, அதனால் சொல்லில் பெரிய பிழையும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அடுத்த வீட்டம்மா அதை அன்றே தன் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். மக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி; அவர் சிட்டிக் குடும்பத்துப் பெண்மணி, தலைமுறைகளுக்கு முன்னே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழ் இந்துக்கள். தமிழ் பேச வராது, வீட்டில் மலாய்தான். ஆனால் அம்மனைப் பற்றி அவருக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. அம்மை என்பது மலாயில் சாச்சார் ஆனது. மறுநாள் காலை எங்கள் வேலியில் வேப்பங்கொத்து செருகியிருந்தது. கீழே ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர். மக்சிக் செடிகளை எட்டிப் பார்த்து, “கசியான்” என்றார். பாவம் என்று அர்த்தம். அந்தச் செடிகளைப் பார்த்து அப்படிச் சொன்ன ஒரே ஜீவன் அவர்தான்.

அத்தான் விவசாய இலாகாவில் ஆராய்ச்சி அதிகாரி. புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் மிளகாய் முழுக்கச் சுருண்டு போயிருந்ததைப் பார்த்து, ஓர் இலையைப் பறித்து வந்தார். அதன் சாற்றை நல்ல செடியின் இலையில் தேய்த்து, அந்தச் செடி நோயில் விழுந்ததும் அதிலிருந்து அடுத்த செடிக்கு என்று மாற்றி மாற்றி, வருஷக்கணக்காக அந்த ஒரு நோயைக் கலப்படமில்லாமல் காப்பாற்றி வந்தார். அலுவலகத்தில் இடம் கொடுக்கவில்லை. அதனால் அக்கா வீட்டுப் பின்னால், கொசுவலைக்குள் தொட்டிகள். செடிகள் கொசுவலைக்குள், நாங்கள் கொசுக்கடியில். “அது செடி உயிரோட இருந்தாத்தான் இருக்கும் மச்சான். செடி போச்சுன்னா என் வேலையும் போச்சு” என்பார். இதுவரை யாரும் விவரித்திராத நோய் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியிருந்தது. அதைத் தன் பெயரில் எழுதிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை. நல்ல சட்டை கூடக் கேட்டதில்லை.

வேப்பங்கொத்தைப் பார்த்து அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். “பேரு நல்லாத்தான் இருக்கு. வேப்பிலையை மட்டும் வலைக்குள்ள விட்டுடாதீங்க, செடிப்பேன் வந்துடும்” என்றார். சில வாரங்கள் எங்கள் வீட்டில் அது நல்ல வேடிக்கையாக ஓடியது. சாப்பாட்டில் காரம் அதிகமானால், “இன்னிக்கு அம்மா உக்கிரமா இருக்கா” என்பேன். அக்காவும் சிரிப்பாள்.

பிறகு அக்கா மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூட வயதுகூட ஆகவில்லை. காய்ச்சல் விட்டதும் எழுந்து நிற்கப் போனவள், இடது காலைத் தரையில் ஊன்ற முடியாமல் சரிந்து விழுந்தாள். விழுந்தவள் அழவில்லை. காலைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இளம்பிள்ளை வாதம் என்றார்கள். எந்தக் கிருமி என்று அக்கா கேட்டாள். வைரஸ் என்றார் டாக்டர். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், “செடியில இருந்த அம்மை பிள்ளைக்கு இறங்கிருச்சு” என்றாள். அத்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். மிளகாயின் நோய் மனிதருக்கு வராது, இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று, வழி வேறு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க மிளகாய்க்குத்தானே படிச்சீங்க?”

நான் நடுவில் புகுந்து, அம்மை என்பது நான் விளையாட்டுக்கு வைத்த பெயர் என்றேன். “சாமி பேரை வச்சு விளையாடுற எடமாடா இது?” என்று என் பக்கம் திரும்பினாள். மறுநாள் விடிந்ததும் அத்தான் தொட்டிகளிலிருந்து செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, காய்ந்த தென்னை மட்டையோடு போட்டுக் கொளுத்தினார். மிளகாய்ப் புகையில் தெரு முழுக்க இருமியது. எங்கள் எல்லோர் கண்ணிலும் தண்ணீர் வந்தது, அதனால் யார் அழுதார்கள் என்று சொல்ல முடியாது. பிறகு கொசுவலையை அவரே கிணற்றடியில் துவைத்து, காயவைத்து, மகள் கட்டிலுக்கு மேலே கட்டினார்.

சில வருஷங்கள் கழித்து மேல்படிப்புக்கு வெளிநாடு போனார். போனபோது கையில் சொந்த வைரஸ் இல்லை. அங்கே கொடுத்ததை வைத்துக்கொண்டார், புகையிலையில் வருகிற, உலகமே அறிந்த நோய். செடி, தோட்டம் எல்லாம் போய், மூலக்கூறு உயிரியலுக்குள் நுழைந்தார். திரும்பி வந்து கோலாலம்பூரில் வேலை பார்த்த காலத்தில், சாப்பிட்டுக்கொண்டே வைரஸைப் பற்றி விளக்குவார். “மேல இருக்கிறது புரோட்டீன், வெறும் சட்டை. உள்ள ஒரு நூல் இருக்கு, அதுதான் எல்லா வினையும் பண்றது. பொடியாக்கிச் சீசாவுல வச்சா சும்மா கெடக்கும். உயிரும் இல்ல, சாவும் இல்ல. எடம் கெடைச்சா எழுந்துக்கும்.” என் அலுவலகத் தலைமைக் குமாஸ்தாவைப் பற்றிப் பேசுகிறார் என்று நான் சொல்வேன், சிரிப்பார். பின்கட்டில் சிரித்த சிரிப்பு அல்ல அது. புக்கிட் ரம்பாய் மிளகாய் நோயைப் பிற்பாடு வேறு யாரோ விவரித்து எழுதினார்கள். அந்தக் கட்டுரையை என்னிடம் காட்டி, “நல்லா பண்ணிருக்கான், இல்ல?” என்றார். எனக்கு அதில் ஒரு வரிகூடப் புரியவில்லை. நல்லாத்தான் இருக்கு என்றேன். செடிகளை எரித்த நாளுக்குப் பிறகு அவர் வீட்டில் ஒரு துளசிச் செடிகூட வைத்ததில்லை.

அக்கா முன்னாலேயே போய்விட்டாள். அத்தானுக்குப் பதினாறாம் நாள் காரியம் போன மாதம் முடிந்தது. வந்தவர்கள் கிளம்பிய பிறகு, நானும் அக்கா மகளும் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். இப்போது பள்ளிக்கூட ஆசிரியை. இரும்புப் பட்டை போட்ட காலை நீட்டி, பிறர் வீடுகளிலிருந்து வந்த பாத்திரங்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷமாக உள்ளே வைத்துப் புழுங்கியதை அன்று சொல்லிவிட்டேன். ஒரு சொல்லை வைத்து உன் அப்பாவின் வாழ்நாள் வேலையைக் கொளுத்தியவன் நான்தான் என்று, கொஞ்சம் இலக்கியமாகவே சொன்னேன். குரல்கூட உடைந்தது.

அவள் ஒரு மூடியை எடுத்து இரண்டு பாத்திரத்தில் பொருத்திப் பார்த்தாள். “ஐயோ மாமா, அதெல்லாம் இல்ல லா. அப்பா எனக்குச் சின்னப்பிள்ளையிலேயே சொல்லிட்டாரு. எனக்குக் காய்ச்சல் வர்றதுக்கு முன்னாலேயே செடி கெட்டுப்போச்சாம். நீங்க சிகரெட்டு பிடிச்ச கையால எல்லாத்தையும் தொட்டீங்களாம். புகையிலை நோய் ஒட்டிக்கிச்சாம். இனி ஒதவாதுன்னுதான் எரிச்சாராம்.”

நான் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. ஒழுக்கம் காரணமல்ல, இருமல். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். நீட்டியிருந்த அவள் காலைப் பார்த்தேன். தன் காலுக்காக அப்பா எதையும் இழக்கவில்லை என்று நம்பி வளர்ந்த பெண்.

“ஆமாம்மா” என்றேன். “அப்ப அந்தக் கெட்ட பழக்கம் இருந்துச்சு. விட்டு ரொம்ப நாளாச்சு.”

“சும்மா சொல்லாதீங்க மாமா” என்றாள் அவள். “இப்பவும் வாடை வருது.”