மூணு தலைதான் பாக்கி

காலை ஆறே காலுக்கு வரிசையக்கா இடது காலில் நிற்கிறார். ஆறே முக்காலுக்கு வலது காலுக்கு மாறுவார். இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் நிற்பது கற்றுக்குட்டிகளின் வேலை என்பது அவர் கட்சி. "ரெண்டையும் ஒண்ணா செலவழிச்சிட்டா மத்தியானத்துக்கு எதை வெச்சு நிக்கிறது?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். நானும் ஒரு நாள் அவரைப் போல ஒற்றைக்காலில் நின்று பார்த்தேன். பத்தாவது நிமிடத்தில் முன்னால் நின்றவர் முதுகில் சாய்ந்துவிட்டேன். அவர் என்னை நலம் விசாரித்தார்.

இடம், தொழிலாளர் பதிவு அலுவலகத்தின் வாசல். கடை வைப்பவர்கள், பட்டறை நடத்துபவர்கள், அவர்களிடம் வேலை செய்பவர்கள் எல்லோரும் இங்கே வந்துதான் பெயரைப் பதிய வேண்டும். உள்ளே நான்கு ஜன்னல்கள். முதல் ஜன்னலில் படிவம் கொடுப்பார்கள். இரண்டாவதில் அது பழைய படிவம் என்பார்கள். மூன்றாவதில் புதிய படிவம் வந்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொல்வார்கள். நான்காவதில், மூன்றாவது ஜன்னலுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கலாமே என்று கோபித்துக்கொள்வார்கள். வரிசை பல நாள் தெருமுனை வரை நீளும். பிழைப்பைப் போட்டுவிட்டு யார் கால் கடுக்க நிற்பது? அதற்குத்தான் வரிசையக்கா. பதினான்கு வருடங்களாக அடுத்தவர்களுக்காக வரிசையில் நிற்பதுதான் அவர் தொழில்.

கவுண்டருக்கும் அவருக்கும் நடுவே மூன்று பேர் மட்டும் இருக்கும்போது கைப்பேசியை எடுப்பார். "மூணு தலைதான் பாக்கி. செருப்பை மாட்டிக்கிட்டு வாங்க" என்பார். வாடிக்கைக்காரர் மூச்சிரைக்க ஓடி வருவார். அக்கா ஓர் எட்டு விலகி, இடத்தைக் கொடுத்து, "சத்தமா பேசுங்க, நாலாம் நம்பர் சாருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு வரிசையின் வாலுக்குப் போய் அடுத்தவருக்காக நிற்கத் தொடங்குவார். பதினான்கு வருடங்களில் இங்கே ஒரு நாள்கூட அவர் ஜன்னல்வரை போனதில்லை.

வரிசையில் நிற்பவர்களை முதுகைப் பார்த்தே எடை போட்டுவிடுவார். "இவர் பத்து நிமிஷத்துல சண்டை போடுவார்" என்பார். எட்டாவது நிமிடமே சண்டை வந்துவிடும். "பசி. நான் பசியைக் கணக்குல எடுத்துக்கல" என்று வருத்தப்படுவார். மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுக்கிறேன் என்று ஒரு முறை சொன்னேன். "உக்காந்தா அது வரிசை இல்ல தம்பி, கூட்டம்" என்று மறுத்துவிட்டார்.

அவருடைய தங்கை தூர தேசம் ஒன்றில் வேலை செய்கிறார். ஞாயிறு தோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். தங்கைக்கு அங்கே மூன்று வீட்டு நாய்களை நடக்கக் கூட்டிப் போகும் வேலை. வேலைக்குச் சேர்ந்த அன்றே, நாயின் சொந்தக்காரி சமையலறையில் நின்றபடி கைப்பேசியில் நாலு தட்டு தட்டினாராம், பதிவு முடிந்ததாம். மாதம் பிறந்தால் சம்பளச் சீட்டு வருகிறது. காய்ச்சல் வந்தால் விடுப்பு. நாய்க்குக் காய்ச்சல் வந்தாலும் விடுப்பு.

"அந்த ஊர்ல எல்லாருக்கும் பதிவுச் சீட்டு இருக்கு, இந்த ஊர்ல யாருக்கும் இல்ல. ஏன்க்கா?" என்று கேட்டேன். சட்டம், பொருளாதாரம் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்தேன். அக்கா வலது காலுக்கு மாறினார்.

"அங்க சீட்டு இல்லன்னா வேலை இல்ல. இங்க சீட்டு வாங்க வந்தா அன்னிக்கு வேலை இல்ல. அவ்ளோதான் தம்பி." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "வாங்கினவங்களுக்கும் அதுல என்ன கெடைக்கும்னு தெரியாது. பொட்டியில வெச்சுப் பூட்டிடுறாங்க. ஆனா அந்த ஊர்ல நான் இருந்தா பட்டினிதான். நாலு தட்டு தட்டுறதுக்கு நடுவுல எங்க போயி நிக்கிறது?"

அவருடைய நீண்ட நாள் வாடிக்கைக்காரர் ஒருவர் சட்டை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பத்துப் பேர் வேலை செய்தால் எல்லோரையும் பதிய வேண்டும் என்பது விதி. அதனால் பட்டறையில் ஒன்பது பேர்தான் வேலை செய்கிறார்கள். பத்தாவது ஆள் வாடிக்கையாளர். சோதனைக்கு அதிகாரி வரும்போதெல்லாம் அவர் தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து கைகளை அகல விரித்துக்கொண்டு நிற்பார், ஒருவர் அளவெடுப்பார். ஆறு வருடங்களாக ஒரே சட்டைக்கு அளவெடுக்கிறார்கள். "இன்னுமா தச்சு முடியல?" என்று போன முறை அதிகாரியே அவருக்காகப் பரிந்து பேசினாராம்.

சிரித்தேன். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். நானும் மைத்துனரும் ஒரு சின்ன அச்சகம் நடத்துகிறோம். அங்கே பைண்டிங் செய்கிற பெண்ணின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. யாராவது கேட்டால் என் சித்தி, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். சித்தி என்னைவிட ஏழு வயது இளையவர். அச்சகத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கிற சாக்கில்தான் நான் அக்காவின் வாடிக்கைக்காரன் ஆனேன்.

போன மாதம் அக்காவின் வலது முட்டி வீங்கிவிட்டது. நான்தான் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தேய்ந்துவிட்டது, அறுவை செய்ய வேண்டும் என்றார். இன்னும் ஆறு மாதம் இப்படியே நின்றால் அப்புறம் எழுந்திருக்கவே முடியாது என்றும் சொன்னார். பெயரைப் பதிந்தால் கிடைக்கும் தொழிலாளர் அட்டை இருந்தால் அறுவைக்குச் செலவில்லை. அட்டை இல்லாவிட்டால் கைக்காசுதான், அதற்கு அக்காவின் வீட்டில் விற்க ஒரு பொருளும் இல்லை, கணவரின் பூட்டு ரிப்பேர் பெட்டியைத் தவிர. "உக்காந்து பாக்குற வேலை எனக்கு ஒண்ணும் தெரியாதே டாக்டர்" என்று அக்கா சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. அவர் குரல் இறங்கி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"ஊருக்கெல்லாம் இடிச்ச புளி மாதிரி நிக்கிறே. உனக்கு ஒரு நாள் நின்னா கொறஞ்சா போயிடுவே?" என்றார் கணவர். அது சரிதான் என்று அக்காவுக்கும் பட்டது. செவ்வாய்க்கிழமை தனக்காக நின்றார்.

மூன்று தலை பாக்கி இருந்தபோது கை தானாகக் கைப்பேசியை எடுத்தது. வாடிக்கைக்காரர் எண்ணை அழுத்தியது. அன்றைய வாடிக்கைக்காரர் அவரேதான் என்பதால், அவருடைய எண்ணையே அழுத்தியது. இணைப்பு வேறொரு அழைப்பில் இருப்பதாகப் பதில் வந்தது. "லைன்ல இருக்கார் போல" என்று அக்கா பொறுமையாக இன்னும் இரண்டு முறை முயன்றார். ஆள் வரவில்லை. வழக்கப்படி பின்னால் இருந்தவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதுதான் நடந்தது என்னவென்று அவருக்கு உறைத்தது.

வியாழக்கிழமை கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். இந்த முறை கை ஒழுங்காக இருந்தது, கால் கவிழ்த்துவிட்டது. மூன்று தலை பாக்கி என்றதும் அது பாட்டுக்கு ஓர் எட்டு விலகியது. வாயும் அதோடு சேர்ந்துகொண்டு, பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், "போங்க, சத்தமா பேசுங்க" என்றது. அவரும் போய்ச் சத்தமாகப் பேசினார்.

வெள்ளிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எனக்குப் பின்னால நில்லுங்க. நான் விலகினா பிடிச்சு உள்ள தள்ளுங்க. பொம்பளை, பெரியவங்கன்னு மரியாதையெல்லாம் பாக்காதீங்க." அவருடைய துணிப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாலு மணி நேரம் நின்றேன். மூன்று தலை பாக்கி இருந்தபோது அவர் விலகப் பார்த்தார், இழுத்தேன். இரண்டு தலை இருந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க முன்னால போறீங்களா?" என்று உபசரித்தார். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன்.

நாலாம் ஜன்னல் அதிகாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. பதிவு செய்யாத வேலை பாதுகாப்பில்லாத வேலை என்று அதில் அச்சிட்டிருந்தது. எங்கள் அச்சகத்தில் அச்சிட்டதுதான். அந்தக் கட்டுகளையெல்லாம் சித்திதான் கட்டினார்.

"தொழில்?" என்றார் அதிகாரி.

"அடுத்தவங்களுக்காக வரிசையில நிக்கிறது சார்."

அதிகாரி பட்டியலை விரித்தார். விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். நான்கு பக்கம். "பாம்பு பிடிக்கிறது இருக்கு. மணி அடிக்கிறது இருக்கு. நிக்கிறது இல்லியே" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. கன்னத்தில் கை வைத்து யோசித்தார். "காவலாளின்னு போட்டுடவா?"

"நான் எதைக் காவல் காக்குறேன்?"

"இடத்தை."

இருவருக்கும் பிடித்துப்போயிற்று. அதிகாரி எழுதினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அதிகாரி படிவத்தைத் திருப்பி, கீழே ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். "முதலாளி கையெழுத்து வேணும். யாரு உங்க முதலாளி?"

அக்கா வரிசையைக் கை காட்டினார். "இவங்கதான் சார்."

முப்பது பேர் இருந்திருப்போம். அதில் பத்துப் பேராவது அவருடைய வாடிக்கைக்காரர்கள். ஒருவர் கைப்பேசியில் எதையோ தீவிரமாகப் படித்தார். ஒருவர் மின்விசிறியை ஆராய்ந்தார். அக்கா இல்லாவிட்டால் என் பட்டறையே இல்லை என்று வாய்க்கு வாய் சொல்கிற சட்டைக்காரர் மென்று விழுங்கினார். "அக்கா எங்க கூடப் பொறந்த அக்கா மாதிரி சார். அவங்களைப் போயி வேலைக்காரின்னு எழுதித் தரச் சொல்றீங்களே, மனசு வருமா?"

நான் குனிந்து செருப்பின் கயிற்றைக் கட்டத் தொடங்கினேன். என் செருப்பில் கயிறு கிடையாது. கையெழுத்துப் போட்டால் மாதாமாதம் படிவம், சந்தா, அப்புறம் சோதனை, சோதனைக்கு வருகிறவர் சித்தியைப் பார்த்து யார் என்று கேட்பார். எல்லாம் ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடியது. அந்த முட்டியை நான் பார்த்திருக்கிறேன். இருந்தும் குனிந்தேதான் இருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"எந்திரிங்க தம்பி, முதுகு பிடிச்சுக்கும்" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அப்போ நீங்களே போட்டுடுங்க சார்."

"நானா?"

"சனிக்கிழமை மின்சார ஆபீஸ்ல உங்களுக்குத்தானே நிக்கிறேன். உங்க மாமியாருக்கு ஆஸ்பத்திரி டோக்கனும் நான்தானே எடுக்குறேன். நாலு வருஷமாச்சு."

அதிகாரி கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அது ஒரு உதவிம்மா."

"போன சனிக்கிழமை அரை மணி லேட்டா வந்தேன்னு அந்தத் திட்டு திட்டினீங்க. உதவி பண்றவங்களை யாராச்சும் திட்டுவாங்களா சார்? வேலைக்காரங்களைத்தான் திட்டுவாங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். அதிகாரியின் வழுக்கை சிவந்தது. "இல்லம்மா, புரிஞ்சுக்கணும். நான் கையெழுத்துப் போட்டா மாசா மாசம் மாடியில போயி படிவம் குடுக்கணும். அந்த வரிசை இதைவிடப் பெருசு. எனக்கு எங்க நேரம் இருக்கு?"

"அதுக்குத்தானே சார் நான் இருக்கேன்."

இப்போது வரிசை முழுவதும் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. மேசைக்குக் கீழே குனிந்து, 'உணவு இடைவேளை' என்று எழுதிய மரப்பலகையை எடுத்தார். எத்தனையோ பேர் அந்தப் பலகையைக் கண்டு பேசாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். நான் மறுபடி பிடித்திருந்த பையின் வாரை விட்டுவிட்டேன்.

அக்கா கண்ணாடியின் ஓட்டைக்குள் கையை விட்டார். கைக்குழந்தையை வாங்குவதுபோல் பலகையைப் பக்குவமாக அவரிடமிருந்து வாங்கி, தன் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, எழுதுகிற முனை தன் பக்கம் இருக்கும்படி திருப்பி அதிகாரியிடம் நீட்டிக்கொண்டு நின்றார்.