நடை சாத்திய பிறகு கோயிலுக்குப் போனவள்

ஐம்பதுகளின் நடுவில், நான் செங்கல்பட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியராக இருந்தபோது நடந்தது இது. ஒருநாள் பள்ளி நிர்வாகத்தில் யாரோ பெரியவர் காலமாகிவிட்டார் என்று மத்தியானத்தோடு பள்ளியை விட்டுவிட்டார்கள். எதிர்பாராத விடுமுறையின் குஷியில் வீட்டுக்கு வந்தால் மனைவியைக் காணோம்.

"கோயிலுக்குப் போயிருக்கா மாப்ள. இப்ப வந்துடுவா" என்றார் மாமியார்.

மணி இரண்டு இருக்கும். தெருக்கோடியில் இருந்த பெருமாள் கோயிலில் மத்தியானப் பூஜை முடிந்து நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். மாமியாருக்குக் கண் பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. அவருக்கு நேரம் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியுமே!

சற்று நேரத்தில் அவள் வந்தாள். நெற்றியில் புதுக் குங்குமம் இல்லை, கையில் துளசி இல்லை. இடது கன்னத்தில் மட்டும் வரிவரியாகக் கோடுகள். கோரைப்பாய்க் கோடுகள். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்து, "காபி போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆனால் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவனுக்குச் சான்றுகளைத் தானே தேடிப் பிடிப்பதில் ஒரு ருசி. தினமும் மாலையில் அவள் கன்னத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். மாமியாரிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தேன். அவள் தினமும் போகிறாள் என்று தெரிந்தது. நான் வீட்டில் இருக்கும் சனி, ஞாயிறு மட்டும் போவதில்லை. மற்ற நாளெல்லாம் போய்விட்டு, சனிக்கிழமையை மட்டும் விட்டுவிடும் பெருமாள் பக்தை உண்டா?

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அப்பாவுக்குப் பக்கவாதம். வலக்கை வராது, பேச்சு குழறும். ஏதாவது வேண்டுமென்றால் பித்தளை டம்ளரால் கட்டிலின் சட்டத்தில் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் அவள் ஓட வேண்டும். மாமியாருக்கு ஆண் பிள்ளை இல்லாததால் எங்களோடு இருந்தார். மூன்று குழந்தைகள். கடைசிப் பையனுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. தன் அம்மா மாப்பிள்ளை வீட்டுச் சோறு சாப்பிடுகிறாளே என்ற கூச்சத்தில், என் அப்பாவுக்குச் செய்ததில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. அலுப்பாக இருக்கிறது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லாததை இல்லாதது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டில் சொல்லாமல், தெருவில் சற்றுத் தள்ளியிருந்த சைக்கிள் கடை நிழலில் போய் நின்றேன். சந்தேகம் என்று சொல்ல மாட்டேன். வேடிக்கை பார்க்கும் ஆசைதான் அதிகம். சின்னவனைத் தூங்கவைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். கோயிலைத் தாண்டினாள். இரண்டு தெரு தள்ளி, மணிலாக்கொட்டை மண்டி வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீட்டுக்குள் நுழைந்தாள்.

அந்த வீட்டில் பெண்கள் பக்கத்துக்கு வெளி ஆண்கள் போக முடியாது. குறுக்கே பச்சைத் திரை தொங்கும். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று இருமினேன்.

"யாரு அது?" வயதான பெண் குரல். மண்டிக்காரரின் தாயார்.

இன்னார் என்று சொன்னேன்.

"வாத்தியாரா? உங்க வூட்டம்மா தூங்கிகினு கீது. இப்ப எழுப்ப மாட்டேன். அப்பால வா."

"தூங்கறாளா? வீட்ல இடமில்லாமயா இங்க வந்து தூங்கறா?"

"என்னிய கேட்டா? கொயாயடியில கொடம் ரொம்பி வயியுது, இது நின்னுகினே தூங்குது. நான்தான் கையப் புடிச்சி இட்டாந்தேன். உங்க வூட்ல படுத்தா டம்ளர் தட்டுவாங்களாமே? இங்க வந்து எவன் தட்டுவான், பாக்கறேன்!"

திரைக்குப் பின்னால் வேறு யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. துப்பு கிடைத்த சந்தோஷம் போய், அவமானம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் அவளிடம், "இனிமே அங்க போகாதே" என்றேன். அடுத்தவர் வீட்டில் போய்ப் படுத்தால் ஊர் என்ன பேசும் என்றேன். பகலில் பெண்பிள்ளை தூங்கினால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்றும் சொன்னேன். என் அப்பா வாய் நன்றாக இருந்த காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது அது. நான் அதை நம்பியவனே இல்லை. இருந்தும் கைக்குக் கிடைத்தது என்று எடுத்து வீசினேன்.

"கொஞ்ச நேரந்தாங்க. சின்னவன் தூங்கற நேரம். அம்மா பக்கத்துலயே உக்காந்திருக்கும். யாருக்கும் எந்தக் குறையும் வெக்கலயே" என்றாள்.

"குறை வெச்சேன்னு நான் சொன்னேனா? போகாதேன்னுதான் சொல்றேன்."

அவள் பக்கத்து அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவள் அம்மா அங்கேதான் இருந்தார். பிறகு "சரிங்க" என்றாள். அதன்பின் அவள் அங்கே போகவே இல்லை.

மாசி மகம் வந்தது. மாமல்லபுரத்தில் கடலாடினால் நல்லது என்று அப்பா டம்ளர் தட்டித் தட்டிக் கேட்டார். கூண்டு வண்டி அமர்த்திக்கொண்டு முந்தின நாளே எல்லோரும் புறப்பட்டோம். புளிசாதம் கிளறியது, அப்பாவுக்கு மாற்று வேட்டி, குழந்தைகளுக்குத் துணிமணி, மாமியாருக்கு மருந்து எல்லாம் எடுத்து வைத்தது அவள்தான். வழி முழுவதும் சின்னவன் அவள் மடியில் சிணுங்கிக்கொண்டே வந்தான். நான் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

கடற்கரையில் திருவிழாக் கூட்டம். அவளையும் மாமியாரையும் குழந்தைகளையும் மணலில் உட்காரவைத்துவிட்டு, அப்பாவைத் தாங்கிக்கொண்டு நான் தண்ணீருக்குப் போனேன். அலை வேகமாக இருந்தது. அவரை முழுக்காட்டித் திரும்பிக் கொண்டுவருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. வந்து பார்த்தால் எங்கள் இடத்தைச் சுற்றிக் கூட்டம்.

நடுவில் ஒரு மீனவப் பெண், சொட்டச் சொட்ட நனைந்த சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான்.

"யார் வூட்டுக் கொயந்தம்மா இது? அலையில உருண்டுகினு கீது! நான் கண்டி பாக்கலன்னா இந்நேரம் பூட்டிருக்கும்!"

என் மனைவி அவள் காலடியில்தான் இருந்தாள். உட்கார்ந்தபடியே, தலை சாய்ந்து, அத்தனை சத்தத்திலும் தூங்கிக்கொண்டிருந்தாள். பையனின் அரைஞாண் கயிற்றில் விரலை மாட்டிப் பிடித்திருக்கிறாள். அவன் எப்படியோ நழுவிப் போயிருக்கிறான். விரல் மட்டும் இன்னும் கொக்கிபோல் வளைந்தபடியே இருந்தது.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவள் விழித்து, முதலில் விரலைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் எழுத முடியாது.

"பட்டப்பகல்ல தூக்கத்தப் பாரு! இதெல்லாம் ஒரு தாயா?" என்றது ஒரு குரல். "திருநாளும் அதுவுமா பெத்த புள்ளய தண்ணிக்குக் குடுக்கப் பாத்தாளே" என்றாள் இன்னொருத்தி. என் மனைவி குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

ஒரு பெரியவர் என் பக்கம் திரும்பினார். "இன்னா சார், நீங்க இதெல்லாம் சொல்லி வெக்கிறதில்லியா?"

ஏன் தூங்கினாள் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். நான் அவருக்கு ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன். அவள் அதைப் பார்த்தாள்.

திரும்பும்போது வண்டியில் அவள் பையனின் அரைஞாணைத் தன் முந்தானையோடு சேர்த்து முடிந்து வைத்திருந்தாள். ஊர் நெருங்கியபோது, "இனிமே நான் தூங்கலங்க" என்றாள். கோபமாக அல்ல. உப்பு வாங்க மறந்துவிட்டேன், நாளைக்கு வாங்கிவிடுகிறேன் என்பதுபோலச் சொன்னாள். எத்தனையோ பேர் எத்தனையோ சத்தியம் செய்து கேட்டிருக்கிறேன். தூங்கமாட்டேன் என்று ஒருத்தி என்னிடம் வாக்குக் கொடுத்தது அப்போதுதான். வண்டி ஆட்டத்தில் அவள் கண் சொக்குவதும், திடுக்கிட்டு அவள் அதைப் பிடித்து நிறுத்துவதுமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் அந்தப் பச்சைத் திரைக்கு முன்னால் போய் நின்றேன். "அவளை வரச் சொல்லுங்கம்மா. நான் சொன்னா வரமாட்டா" என்றேன்.

"நான் எப்ப வேணாம்னேன்? உங்க வூட்டுக் கதவுதான சாத்திகீது, வாத்தியாரே" என்றது குரல். அன்று மத்தியானமே பேத்தியை அனுப்பி, கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தலைமையாசிரியரிடம் கேட்டு என் ஓய்வுப் பாடவேளையை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். "இன்னா சார், வூட்ல ஆயா வேலையா?" என்று சக ஆசிரியர்கள் கிண்டல் செய்தார்கள். முதல் நாளே தெரிந்துவிட்டது. அப்பா தட்டுவார், எழுந்து போனால் தண்ணீர் கேட்பார், உட்கார்ந்தால் மறுபடியும் தட்டுவார். மாமியார் மூக்குப்பொடி டப்பா எங்கே என்பார். சின்னவன் விழித்துக்கொண்டு அம்மாவைத் தேடுவான். கையில் எடுத்த செய்தித்தாளில் ஒரு பத்தியைக்கூட முடிக்க முடியவில்லை. காலையிலிருந்து படுக்கும் வரை இப்படித்தானா என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். அவர் மறுபடியும் தட்டினார்.

பல வருஷங்களுக்குப் பிறகு, பெரியவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பின், ஒருநாள் அவளிடம் கேட்டேன். அந்த வீட்டில் போய்ப் படுத்ததும் தூங்கிவிடுவாயா, இல்லை ஏதாவது நினைத்துக்கொண்டு கிடப்பாயா என்று. அவள் சிரித்தாள். "அதையும் ஒங்ககிட்ட சொல்லணுமா?" என்றாள். சொல்லவே இல்லை. கடற்கரையில் நான் தலையாட்டியதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நினைத்த காலத்தில் அவள் இல்லை.

இப்போது என் மருமகளுக்கு இரண்டு குழந்தைகளோடு நானும் ஒரு வேலை. மத்தியானத்தில் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை இல்லாமலும் இல்லை. ஆனால் எதையும் துருவிப் பார்த்தே பழகிய நான், ஒரு பெண்ணின் நாளில் எனக்குத் தெரியவே வேண்டாத நேரம் ஒன்று உண்டு என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு குழந்தை அலை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியிருந்தது.